உலைமூடி பறந்த படம்

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அவளுடைய அப்பா, வீட்டில் இருந்த ஒரே உலைமூடியையும் நூலில் கட்டி வானத்தில் பறக்கவிட்டவர். அது வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பறக்கும் தட்டு என்று அவர் சொன்னார். பார்த்தவர்கள் அத்தனை பேரும் உலைமூடி என்றார்கள். அவர் எடுத்த அந்தப் படத்தின் பெயர் 'ஆறாம் கிரகத்து ராணி'. வந்த வாரமே தியேட்டரை விட்டுப் போய்விட்டது. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. தெருவில் அப்பா தட்டுக்காரர் ஆனார். பள்ளிக்கூடத்தில் அவள் தட்டுக்காரர் பொண்ணு. மதியம் சாப்பிட அவள் தட்டை எடுத்தால் போதும், பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள், எங்கே பறந்து வந்து இடித்துவிடுமோ என்று.

இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை. மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நடுவாள். அறுபது வயதுக்காரருக்கு முப்பது வயதுப் பல்லை வைக்கமாட்டாள். முன்பல் ஒன்றைக் கொஞ்சம் சாய்த்து வைப்பாள், ஓரத்தில் லேசாக மஞ்சள் தட்டவிடுவாள். அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு சிரித்தால் கட்டிய மனைவிக்கும் அது பொய்ப்பல் என்று தெரியாது. பொய் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஆகவே அப்பாவின் மேல் அவளுக்கு இருந்த இளக்காரத்தில் பாதி தொழில்முறையானது. மீதி பாதிக்கு வேறு காரணம் இருந்தது.

ஒரு நாள் மதியம், மெழுகு வேலை பார்க்கும் தோழி சாப்பாட்டு மேசையில் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய படச்சுருள்களைச் சேகரிக்கிற யாரோ ஒருவர் எங்கிருந்தோ ஒரு பிரதியைத் தோண்டியெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார், இவ்வளவு மட்டமான படத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, வா வா என்று கூப்பிட்டாள். அவள் எட்டிப் பார்த்தாள். நீல வானத்தில் உலைமூடி ஆடிக்கொண்டிருந்தது. அதன் நிழல் வானத்தின் மேலேயே விழுந்தது. வானம் ஒரு திரைச்சீலை.

படத்தைவிடக் கீழே இருக்கிற கமெண்டுதான் நல்லா இருக்கு என்று தோழி வாய் நிறையச் சோற்றோடு படித்துக் காட்டினாள்.

"தட்டு பறக்குதாம். எங்க வீட்டுல சண்டை வந்தா இதைவிட நல்லாப் பறக்கும்."

"படையெடுப்புன்னு பேரு. வந்தது நாலு பேரு. அதுல ஒருத்தருக்குக் கால் வலி."

"ஆறாம் கிரகத்துலயும் ஜிப் வச்சுத்தான் தைக்கிறாங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. அந்த நேரம் பார்த்துத் திரையில் ராணி வந்தாள். மழைக்கோட்டில் வெள்ளி வர்ணம், தலையில் கவிழ்த்த வடிகட்டி, கையில் குழாய்த் துண்டு. இந்தம்மா யாரோ, பாவம், வயித்துவலியோட நடிக்குது என்றாள் தோழி. அது என் அம்மா என்று அவள் சொல்லவில்லை. ஊற்றிவைத்த பிளாஸ்டர் இறுகிவிடும் என்று சொல்லி எழுந்து போனாள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் படித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான பேர், முன்பின் தெரியாதவர்கள், அவள் சின்ன வயதிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியதையெல்லாம் பச்சையாக எழுதியிருந்தார்கள். நெடுநாள் வழக்கு ஒன்றில் கடைசியாகச் சாட்சிகள் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது.

அப்பாவின் இளக்காரத்துக்கு முன்னால் இவளுடையது தூசு. டாக்டர் அவருக்கு மடையன், செய்தி வாசிப்பவன் திக்குவாயன், பக்கத்து வீட்டுக்காரன் உயிருள்ள மரக்கட்டை. படம் படுத்த பிறகு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக் குடும்பம் நடத்தினார். பலகை எழுதக் கொடுத்தவர்கள் எல்லோரையும் எழுத்துப்பிழைகளின் பெற்றோர் என்று அழைத்தார். இரண்டு வருடம் முன்னால் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரம் மட்டும் தெரியும். எதிரில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பார். முன்னாடியும் உலகத்தை இப்படித்தான் பார்த்தார், இப்போது டாக்டர் சான்றிதழும் கிடைத்துவிட்டது என்பாள் அம்மா. கண் போனபோதுதான் மகள் தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அவர்களோடு வந்து தங்கினாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கோபம் வருகிற நாட்களில் அதையும் படத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவாள்.

அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். அம்மா கத்தியை நிறுத்தாமல் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அப்பா காதில் போடாதே என்றாள், அவ்வளவுதான். ஆனால் மருந்துக்கடைக்காரருக்கு யாரும் அப்படிச் சொல்லிவைக்கவில்லை. சொட்டுமருந்து வாங்கப் போன அப்பாவிடம், ஐயா உங்க படம் உலகம் முழுக்க ஓடுதாமே என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே அப்பா நாற்காலியை நகர்த்திப் போட்டார். உட்கார், படி என்றார்.

வேறு வழியில்லாமல் போனைத் திறந்தவள், வாய்க்கு வந்ததை இட்டுக்கட்டிச் சொன்னாள். காலத்தை மிஞ்சிய கற்பனை, கலைநயம் மிக்க காட்சிகள், இன்றைய இயக்குநர்கள் பாடம் படிக்க வேண்டும். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஓரக்கண்ணை அவள் மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவன் படத்தைப் பாக்கலை," என்றார். "பார்த்தவன் கரப்பான்பூச்சியைப் பத்தி எழுதாம இருக்கமாட்டான். நிஜமா எழுதியிருக்கறதைப் படி."

கரப்பான்பூச்சி உண்மை. செருப்புப் பெட்டிகளில் ஜன்னல் வெட்டிச் செய்த மாநகரத்தின் நடுத்தெருவில், மக்கள் ஓடி ஒளியும் காட்சியில், ஒரு கரப்பான்பூச்சி மாடிவீட்டு உயரத்தில் நிதானமாக நடந்து போகும். மறுபடி எடுக்க அப்பாவிடம் ஃபிலிம் இல்லை.

அவள் தேடிப் பிடித்து வாசித்தாள். "கரப்பான்பூச்சிதான் மெயின் வில்லன்னு நினைச்சு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரவே இல்ல. ஏமாத்திட்டாங்க."

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இவன் ஆள் என்றார். அடுத்தது என்றார்.

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமானது. வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு, அப்பனும் மகளும் வசவு படிக்க உட்கார்ந்தார்கள். நன்றாகத் திட்டியவனை அப்பா மெச்சுவார். சோம்பேறித்தனமாகத் திட்டியவனை விடமாட்டார். ஒருவன் 'மொக்கை' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தான்; இதை எழுதவா இவனைப் பெற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள் என்று கேட்டார். தகவல் பிழையை அறவே பொறுக்கமாட்டார். படையெடுத்து வந்தவர்கள் நாலு பேர் இல்லை, மூன்றே பேர்தான், பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், அதை எண்ணத் தெரியாதவனெல்லாம் விமர்சனம் எழுத வந்துவிட்டான் என்று திட்டியவனைத் திட்டுவார்.

ஒரே ஒரு கமெண்ட்தான் அவரைச் சுட்டது. வசவு இல்லை அது. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர், பாவம், வசதி இல்லாம ஆசைப்பட்டு எடுத்திருக்காங்க, கிண்டல் பண்ணாதீங்க என்று எழுதியிருந்தார். அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பாவம் பார்க்க இவன் யார் என்றார். அன்றைக்கு இரவு சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டார்.

அவளுக்கோ நாளுக்கு நாள் ருசி கூடிக்கொண்டே போனது. அப்பா முகத்துக்கு நேரே, 'இந்த ஆளுக்கு கேமராவைக் கொடுத்தவனைத் தேடிப்பிடித்து உதைக்க வேண்டும்' என்று நிறுத்தி நிதானமாக வாசிக்கலாம். பழி யார் மேலோ. வாய் மட்டும் அவளுடையது. கூடத்தில் பல் நடும்போதே, சாயங்காலம் எதைப் படிக்கலாம் என்று பொறுக்கி வைத்துக்கொள்வாள். ஒரு நாள் பொறுக்கியதெல்லாம் சப்பென்று இருந்தது. போனைப் பார்த்தபடியே, அதில் இல்லாத ஒன்றைப் படித்தாள்.

"ராணி இறங்கி வர்ற அந்த ஏணி ஒரு குழந்தையோட கட்டில். தலைமாட்டையும் கால்மாட்டையும் அறுத்து ஒட்டவச்சிருக்கான் படுபாவி. அந்தக் குழந்தை அப்புறம் எங்க படுத்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. அடுத்தது என்றும் சொல்லவில்லை. சமையலறையில் குழாய் மூடப்படும் சத்தம் கேட்டது.

"அது கட்டில்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"பார்த்தாலே தெரியுதுப்பா."

"தெரியாது. அந்தக் கம்பிக்கு வெள்ளி அடிச்சவன் நான். படத்துல உருப்படியா அமைஞ்சது அது ஒண்ணுதான்." முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் அவளைத் தேடினார். "கட்டில் எப்ப வேணா வாங்கலாம். ஏணிக்கு நான் எங்க போவேன்?"

"ஆனா வாங்கலையேப்பா," என்றாள் அவள்.

அதுதான் மீதி பாதிக் காரணம். ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அவளுடைய இரும்புக் கட்டில் இல்லை. மெத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் கிடந்தது. குளிர்காலத்தில் தரையின் ஈரம் மெத்தைக்குள் ஏறும். சுவரோரம் எறும்பு வரிசை போகும். படம் முடிந்தால் கட்டில் வரும் என்றார்கள். படம் முடிந்தது, அப்பாவின் கையிருப்பும் முடிந்தது. புதுக் கட்டில் வந்தபோது அவள் உயர்நிலைப்பள்ளியில் இருந்தாள். இத்தனை வருடத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. அப்பா ஒரு கிறுக்கர், அம்மா அவரிடம் மாட்டிக்கொண்டவள் என்று தனக்குள் தீர்ப்பு எழுதி மூடிவைத்திருந்தாள்.

மறுநாள் கூடத்தில் சாப்பிடவே பிடிக்கவில்லை. தான் இட்டுக்கட்டிப் படித்ததை அப்படியே நிஜமாகவே தட்டி, படத்துக்குக் கீழே போட்டாள். போட்டதோடு, அது இயக்குநரின் சொந்த மகளின் கட்டில், ராணியாக வருவது அவர் மனைவி, எனக்கு நேரில் தெரியும் என்று ஒரு வரியும் சேர்த்தாள். சாயங்காலத்துக்குள் அது பற்றிக்கொண்டது. படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுதும் திரும்பி அப்பாவின் மேல் பாய்ந்தது. இவனெல்லாம் ஒரு அப்பனா என்றார்கள். குழந்தை கட்டிலை அறுத்தவன் கையை அறுக்க வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் நின்றபடி படித்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அந்தப் பால் திரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒரு பெண் எழுதியிருந்தாள்:

"அந்தாளு கிறுக்கன், விடுங்க. பெத்தவ எங்க போனா? மினுக்கிக்கிட்டு ராணி வேஷம் போட்டு, தன் பிள்ளை கட்டில் மேலேயே கால் வச்சு இறங்குறாளே. அவளைத்தான் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்."

அதற்குக் கீழே ஆமாம் ஆமாம் என்று நீளமாக ஒரு வரிசை. அந்த அம்மாவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், வாயை அளந்து பேசுங்கள் என்று இவள் எழுதினாள். உடனே ஒருவன், நீ யாரு, ராணியோட வக்கீலா என்று கேட்டான். இன்னொருவன், நல்லா விசாரிங்க, இவதான் அந்த ராணியா இருப்பா என்றான். மேற்கொண்டு சண்டை போட வார்த்தை வந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. சொந்தக் கையாலேயே அம்மாவைத் தெருவில் இழுத்து விட்டாயிற்று. மருந்துக்கடைக்காரர் முந்திக்கொள்வதற்குள் தானே சொல்லிவிடுவது நல்லது என்று வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள். எதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் குத்துவாள். அந்தப் பெண் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படிக்கச் சொன்னாள். அவள் படித்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கா," என்றாள் அம்மா.

"என்னம்மா சொல்றே?"

"கட்டிலை எடுக்கச் சொன்னது நான்தான். உங்கப்பாவுக்கு அவ்வளவு மூளை ஏது? மரப்பெட்டி மேல நின்னு குதிச்சு வான்னார். ஒரு கிரகத்துக்கே ராணி, தவளை மாதிரி குதிப்பாளா? வீடு முழுக்கத் தேடினேன். உன் கட்டில் கம்பிதான் கால் வைக்கத் தோதா இருந்தது."

இத்தனை வருடம் அவள் மனதில் ஒரு அம்மா இருந்தாள். வற்புறுத்தலுக்காக மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மகளின் கட்டில் போவதைக் கண்ணீரோடு பார்த்துக்கொண்டு நின்றவள். அந்த அம்மா ஒரு நொடியில் காணாமல் போனாள். அவள் இருந்த இடத்தில், வீடு முழுக்கக் கட்டில் கம்பி தேடி அலைந்த ஒரு முப்பது வயதுப் பெண் நின்றாள்.

"எனக்கு நடிக்கணும்னு ஆசை இருந்தது," என்றாள் அம்மா, மிளகாய் வாங்க ஆசை இருந்தது என்பதுபோல. "காட்டு, அந்த இடத்தை."

அவள் காட்டினாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். ராணி ஏணியின் உச்சியில் நின்றாள். மூன்றாவது கம்பியில் கோட்டின் விளிம்பு மாட்டியது. இழுத்தாள், கிழிந்தது, வடிகட்டி ஒரு பக்கம் சரிந்தது. மானிடரே, உங்கள் காலம் முடிந்தது என்றாள். மகள் இதுவரை இந்த இடத்தைக் கட்டிலுக்காக மட்டுமே பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தாள். வயிற்றுவலி இல்லை அது. அடக்க முடியாத சிரிப்பு. கிழிந்த கோட்டோடும் சரிந்த வடிகட்டியோடும் அந்தப் பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு, பல் தெரிந்துவிடாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"தரித்திரம். ஆடு மாடி இறங்குற மாதிரி இறங்குறேன்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள் அம்மா.

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. கண்ணுக்குச் சேர்த்து அவருக்குக் காது வேலை செய்தது. "ஏணி யோசனை என்னோடது," என்றார்.

அம்மா எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். உங்களுடையது என்றால் மரப்பெட்டி யாருடைய யோசனை என்று கேட்டாள். அது ஒத்திகைக்கு என்றார் அவர். ஒத்திகை என்று ஒன்று நடந்ததே இல்லை என்றாள் அவள். அறுத்தது யார், ஒட்டவைத்தது யார், வெள்ளி அடித்தது யார் என்று அவர் அடுக்கினார். கொத்தனார் வீட்டைக் கட்டினால் வீடு கொத்தனாருடையதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். படம் எவ்வளவு கேவலம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கேவலத்தில் உருப்படியான ஒரே காரியம் யாருடையது என்பதில்தான் வழக்கு. குற்றத்தை மற்றவர் தலையில் கட்டுகிற பெற்றோரைத்தான் மகள் கேள்விப்பட்டிருக்கிறாள். இங்கே இரண்டு பேரும் எனக்கு எனக்கு என்று அதற்குப் போட்டி போட்டார்கள்.

கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது அவளுக்கு.

"உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன வார்த்தை?" என்றார் அப்பா. கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அம்மாவுக்குப் புரிந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். "இப்ப முதுகு கிதுகு வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் என்ன," என்றாள் அம்மா. சொன்னவள் சாப்பாட்டை எடுத்துவைக்கும்போது மகள் தட்டில் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டாள். அந்த வீட்டில் அதற்கு மேல் எதுவும் கிடைக்காது என்று மகளுக்குத் தெரியும். இளக்காரமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது. ஆனால் பசித்தது, சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்துப் போனை எடுத்தாள். கமெண்ட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அழித்துவிட்டாள். இரக்கப்பட்டு அழிக்கவில்லை. அதில் தகவல் பிழை இருந்தது; தட்டுக்காரர் பெண்ணால் பிழையுள்ள வசவைச் சகித்துக்கொள்ள முடியாது. முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புதிதாக ஒன்று தட்டினாள். போடுவதற்கு முன் இரண்டு பேருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டினாள்.

"கட்டிலைக் கொடுத்தது ராணி. அறுத்தது இயக்குநர். தரையில் படுத்தவள் நான். மூன்று பேரும் உயிரோடுதான் இருக்கிறோம். எங்களைத் திட்ட எங்களுக்கே ஆள் இருக்கிறது, நீங்கள் படத்தைத் திட்டுங்கள். படம் படு கேவலம்."

அப்பா முகத்தைத் திருப்பி யோசித்தார். கருத்தில் குறை இல்லை, 'படு' மட்டும் வேண்டாம், கேவலம் என்றாலே போதும், பலகை எழுதுகிறவனுக்குத்தான் ஒரு சொல்லின் அருமை தெரியும் என்றார்.

"'படு' இருக்கட்டும்," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

மகள் அதை எடுக்கவில்லை.